ஜாடியைக் கட்டிப் பிடிச்ச ஷேடு

"இந்த பல்பு என் கண்ணைக் குத்துது!"

சாயங்காலம் கூடத்துல சுவிட்சைத் தட்டினதும் பம்பரம் வாயிலேருந்து வர்ற முதல் வார்த்தை இதுதான். வீட்டுலயே துணி தைக்கிறவ. ஒரு இடத்துல உக்கார மாட்டா, அதனால பேரே பம்பரம். பாதி பின்னின ஸ்வெட்டர், பாதி பெயின்ட் அடிச்ச நாற்காலி, ரெண்டே காலோட சுவத்துல சாஞ்சு நிக்கிற முக்காலி, எல்லாம் அவ கைவேலை. ஆரம்பத்துல சூரப்புலி, முடிவுல பூனைக்குட்டி.

அப்பேர்ப்பட்டவ பல்புக்குக் கலர்க் கண்ணாடியில ஷேடு செய்யப் போறேன்னதும் மூத்த ஓரகத்தி சிரிச்சா. ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி.

"இதாவது முடியுமாடி? இல்ல, முக்காலிக்குத் துணையா?"

சுருக்குன்னு தைச்சிருச்சு. இதை முடிக்காம விடறதில்லன்னு பம்பரத்துக்கு வெறி.

கண்ணாடிக் கடையில தூக்கிப் போட்ட துண்டுகளைப் பொறுக்கிட்டு வந்தா. வெட்டி, ஓரம் தேச்சு, விளிம்புல செம்பு டேப் சுத்தினா. வீட்டுக்காரர் மிக்ஸி ரிப்பேர் பண்றவர். அவரோட சால்டரிங் ராடால ஈயத்தை உருக்கி ஒட்டணும். சரி, வளைவா வர்றதுக்கு அச்சு? ஓரகத்தியோட பீங்கான் ஜாடியைக் கேக்காம எடுத்தா, கவுத்து வச்சா, அது மேலேயே துண்டுகளை அடுக்கினா. உச்சியில பல்புக்கு ஓட்டை விட்டா. ரெண்டு தையல் போடுவா, எந்திரிச்சுப் போய் ஒரு துண்டு ஒட்டுவா. அங்க பால் பொங்கி வழியும், இவ சிவப்புக்குப் பக்கத்துல பச்சையா மஞ்சளான்னு நிப்பா. ஜாடித் தொப்பையோட நிறுத்தியிருக்கணும். அழகா வருதேன்னு தொப்பையைத் தாண்டிக் குறுகலான கழுத்துப் பக்கம் இறங்கிட்டா.

முடிச்சுட்டுத் தூக்கினா. ஜாடியும் கூடவே வந்துச்சு. ஆட்டினா, திருகினா, சோப்புத் தண்ணி ஊத்தினா. ம்ஹூம்.

"ரெண்டுல ஒண்ணை உடைச்சாத்தான் ஒண்ணு மிஞ்சும்"னுட்டு வீட்டுக்காரர் நழுவிட்டார்.

ஜாடியை உடைச்சா ஓரகத்தி இவளை உடைப்பா. ஷேடை உடைச்சா அதுவும் முக்காலி கணக்குல போகும். துணியைப் போட்டு மூடிட்டு மிஷின்ல உக்காந்தவ, ரவிக்கைக் கையைக் கொண்டு போய்க் கழுத்துல வச்சுத் தைச்சுட்டா.

"ஏண்டி, என் ஜாடியைப் பாத்தியா?"

பம்பரம் துணியை விலக்கினா. ஓரகத்தி ஒரு சுத்து சுத்திப் பாத்தா.

"திருடினது போதாதுன்னு அதுக்குக் கலர்ச் சட்டை வேற மாட்டியிருக்கே!"

"ஷேடைப் பிரிச்சிடறேன்க்கா..."

"பிரிச்சுட்டு? நாளைக்கும் 'கண்ணைக் குத்துது, கண்ணைக் குத்துது'ன்னு என் காதைத் துளைக்கவா? போய் சுத்தியலை எடுத்துட்டு வாடி."

ஜாடிக் கழுத்துல ஈரத்துணியைச் சுத்தி ஓரகத்தியே ஒரு போடு போட்டா. ரெண்டு பேருமா சில்லு சில்லா உருவினாங்க. பச்சைத் துண்டு ஒண்ணு மட்டும் கீறல் விட்டுச்சு.

"இருக்கட்டும். அது ஜாடி விட்ட சாபம்"னா ஓரகத்தி.

ஷேடு இப்ப கூடத்துல தொங்குது. பம்பரமோ, "இந்த ஃபேன் சத்தம் காதைக் குடையுது"ன்னு ஆரம்பிச்சாச்சு. அவ ஃபேனைக் கழட்டுறதுக்குள்ள ஒரு சாயங்காலம் போயிப் பாத்துட்டு வாங்க. ஓரகத்திக்கு ஒரு ஜாடி வாங்கிட்டுப் போனா சந்தோஷப்படுவா. அந்த முக்காலியில மட்டும் உக்காந்துராதீங்க.