ஃப்ளாப்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய்

1991-இல் நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படித்தேன். படித்தேன் என்று சொல்வதே ஜாஸ்தி. சுங்குவார்சத்திரத்தில் பஸ் பிடித்து, பூந்தமல்லி தாண்டும்வரை கம்பியில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போய், கம்ப்யூட்டர் அறையின் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் லேப். ஒரு மெஷினுக்கு மூன்று பெண்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் ஒருத்தி டைப் அடிப்பாள், மற்ற இரண்டு பேரும் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் முறை வரும்போது கரெண்ட் போகும். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பருவத்துக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் போடும் புரோகிராம், பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில். வீட்டில் பென்சிலால் நோட்டில் எழுதி, லேபில் கிடைத்த பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளில் அடித்து அடித்து, இரண்டு மாதத்தில் முடித்திருந்தேன். எல்லாம் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. கறுப்பு உறை போட்ட சதுர அட்டை அது. உறையில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் பழுப்பு நிறத் தகடு தெரியும். அந்தத் தகட்டில் விரல் பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று லேப் சார் முதல் நாளே சொல்லியிருந்தார். இன்னொரு பிரதி எடுத்திருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் இன்னும் நாலு வரி அடிக்கலாமே என்று தள்ளிப் போட்டேன்.

ஆயுத பூஜை லீவுக்கு லேபைப் பூட்டும்போது சார் எங்கள் ஃப்ளாப்பிகளை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். "லீவு முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும். பண்ணாதவங்க பிராக்டிகலுக்கு வர வேண்டாம்" என்றார். பிராக்டிகல் எழுதாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. ஃப்ளாப்பியைப் புத்தகத்துக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அப்பா ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். பூஜைக்கு முன்னால் அங்கே அவரவர் மெஷினை அவரவர்தான் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சுற்றுகிற இடத்திலெல்லாம் எண்ணெய் விட்டு, அதற்கப்புறம்தான் சந்தனமும் குங்குமமும். வீட்டிலும் அதே முறைதான். சைக்கிளுக்கும் அரிவாள்மணைக்கும் முறை தப்பாமல் நடக்கும்.

பூஜையன்று நான் குளித்துவிட்டு வந்தபோது, சாமி படத்துக்கு முன்னால் என் புத்தகங்களுக்கு மேலே ஃப்ளாப்பி இருந்தது. நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"உன் ஆயுதத்தையும் வெச்சிட்டேம்மா. ஒரே தூசியா இருந்திச்சி. உள்ளாற அந்தத் தட்ட வெரலால சுத்திப் பாத்தேன், டைட்டா கீது. துணியால தொடச்சி ஒரு சொட்டு எண்ணெ வுட்டேன். இப்போ சோக்கா சுத்துது பாரு."

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்று அம்மா கத்தக் கத்த அதைப் பிடுங்கி எடுத்தேன். ஜன்னலில் எண்ணெய் மினுமினுத்தது.

"உனுக்கு இன்னா தெரியும்னு இதத் தொட்ட? ரெண்டு மாசம்ப்பா. எல்லாம் போச்சு. என் படிப்பே போச்சு."

"எண்ணெ தானேம்மா வுட்டேன்" என்றார். பொரிகூடச் சாப்பிடாமல் எழுந்து வெளியே போய்விட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன், எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

லீவு முடிந்து லேபுக்குப் போனால், அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு. சார் தன் கையாலேயே வைத்தது. என் ஃப்ளாப்பியைத் தூக்கிப் பார்த்தவர், "இதை உள்ளே போட்டா மெஷினும் போயிடும்" என்று ஓரமாக வைத்தார். நோட்டில் எழுதியது இருக்கிறது, திரும்ப அடித்துவிடுகிறேன், நேரம் மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினேன். டைம் டேபிளை மாற்ற முடியாது என்றார். அழுகை வந்துவிட்டது.

"சரி, இதுல எண்ணெய் விட்டது யாரு?"

சொன்னேன். அந்த மனிதர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்து அறைக்குப் போய் இரண்டு சார்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மறுபடி சொல்லு" என்றார். இந்தத் தடவை அப்பாவின் குரலிலேயே சொன்னேன். "டைட்டா கீது" என்ற இடத்தில் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு மேடம் வந்தார், மூன்றாவது தடவை சொன்னேன். அதில் அப்பா சொல்லாததையும் சேர்த்தேன். "பேரிங் தேஞ்சிருக்கும், மாத்திடலாம்மா" என்று அப்பா சொன்னதாகச் சொன்னேன். மேடத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மேஜையிலிருந்து சாவியை எடுத்தார். "புதனும் வியாழனும் காலேஜ் விட்டதும் வா. ஒரு மெஷின் உனக்கு."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழு மெஷின் எனக்கே எனக்கு. கரெண்ட்கூடப் போகவில்லை. வியாழக்கிழமை ஐந்தரை மணிக்குப் புரோகிராம் ஓடியது, மறுநாள் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுங்குவார்சத்திரத்தில் இறங்கியபோது அப்பா டீக்கடையை ஒட்டிச் சைக்கிளோடு நின்றிருந்தார். பூஜையிலிருந்து இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"சாரு இன்னாம்மா சொன்னாரு?"

"தனியா டைம் குடுத்தாரு. திரும்ப அடிச்சிக் குடுத்துட்டேன்."

அப்பா பெருமூச்சு விட்டார். "தப்பு என்னுதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னியத் திட்டினாரா?"

"இல்லப்பா."

"நல்ல மனுசன். வேற யாராயிருந்தாலும் காறித் துப்பியிருப்பான். ஞாயித்துக்கெழம விட்டு, திங்கக்கெழம லீவு போட்டுட்டு வரேன். ஒரு தபா நேர்ல பாத்துக் கும்புட்டுட்டு வந்துடலாம்."

"நீ வர வேணாம்ப்பா."

சொன்ன வேகத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினார். கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்த பிறகு கேட்டார்.

"இன்னும் கோவமாத்தான் கீறியாம்மா?"

ஆமாம் என்றேன். யார் மேல் என்று சொல்லவில்லை.