அப்பா சந்தேகப்பட்ட எழுப்புதல்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அப்பாவின் ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகனாகிய நான் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

அப்பா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தார்கள். தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தார்கள். பிறகு இருவரும் மஸ்கெலியாப் பக்கம் வந்தார்கள். அப்பாவுக்குத் தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோரில் வேலை.

அந்த வேலை போன விதத்தை மறைக்காமல் எழுதும்படி சித்தப்பாவே கேட்டுக்கொண்டார். ஸ்டோரில் தூள் களவு போனபோது, விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், "அண்ணன்தாங்க மடியில கட்டிட்டுப் போறாரு" என்று எல்லார் முன்னும் அவர் சொன்னார். உண்மையில் எடுத்தது சித்தப்பாதான். அப்பாவை மலைக்கு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட அனுப்பிவிட்டார்கள். கள்ளன் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

சில வருடம் கழித்து எங்கள் கோயிலில் மனந்திரும்ப அழைக்கும் எழுப்புதல் கூட்டம் நடந்தது. பலர் விழுந்து அழுதார்கள். அப்பா ஜெபத்தில் குறைவைக்காதவர்கள். ஆனாலும் கடைசி வாங்குப் பலகையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தப்பா எழுந்து, "அண்ணன் மேல பொய் சொல்லிப்புட்டேன், ஆண்டவர் என்னைய உடைச்சிட்டாரு" என்று கதறினார். "முன்னால வந்து தம்பியக் கட்டிப் புடிங்க" என்றார் பிரசங்கியார்.

அப்பா அசையவில்லை. "ஐயா, இவன் பொய் சொன்னது பெரட்டுல. அழுவுறது இங்கயா? இங்க யாரும் என்னையக் கள்ளன்னு சொல்லலையே. அங்க சொல்லட்டும், பாப்போம்."

வீட்டில் அம்மாவுக்குக் கோபம். "ஆவியானவர் வந்த எடத்துல வழக்குப் பேசுறீங்களே."

"வந்தவரு இருக்காரா போயிட்டாரான்னு பாக்க வேணாமா? கூட்டம் முடிஞ்சா கண்ணீரு காஞ்சிரும். எம்புள்ளைங்க கள்ளன் புள்ளைங்களாவே இருக்கணுமா?"

உண்மையைச் சொன்னால் சித்தப்பாவுக்கு வேலையும் போகும், தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பிராவும் போகும். அடுத்த சில காலைகளில் தலை குனிந்தபடியே வேலைக்குப் போனார். "பாத்தியா?" என்றார்கள் அப்பா, அம்மாவிடம்.

பிறகொரு காலை பெரட்டில், ஆள் பிரிக்கும் கண்டாக்கையா முன்னால் சித்தப்பா போய் நின்று ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல. அன்னைக்குச் சொன்ன மாதிரி சத்தமா சொல்லு" என்றார்கள் அப்பா.

"தூளு எடுத்தது நாந்தாங்க. அண்ணன் எடுக்கல."

அங்கே யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. கண்டாக்கையா அப்போதே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு, "நம்ம காம்பிராவுக்குப் போ தம்பி. அண்ணி தேத்தண்ணி ஊத்தியிருப்பா" என்று சொல்லிவிட்டு மலையேறினார்கள். டவுனில் ஒரு முஸ்லிம் கடையில் வேலை கிடைக்கும்வரை சித்தப்பா குடும்பம் எங்களோடுதான் இருந்தது. பிறகு அப்பாவை ஸ்டோருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

எழுப்புதல் எதற்கு என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். "எழும்புனவன் தான் கெடுத்த எடத்துக்கு நடந்து போவணும். அதுக்குத்தான்" என்றார்கள்.

கடைசி நாட்களில் அப்பா நெஞ்சுச் சளியால் படுத்திருந்தபோது, சித்தப்பா தினமும் பஸ்ஸில் வந்து உடம்பு துடைத்துவிட்டார். "இப்பவாச்சும் தம்பிய நம்புறீங்களா?" என்று உபதேசியார் கேட்டார்.

"நாளைக்கும் வர்றானான்னு பாக்கணும்" என்றார்கள் அப்பா. சித்தப்பா சிரித்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்தார். அவர் கையிலேயே அப்பாவின் மூச்சு அடங்கியது.

மருந்து தந்த டிஸ்பென்சரி ஐயாவுக்கும், ஜெபித்த சபையாருக்கும், பெட்டி சுமந்த லயத்து இந்துச் சகோதரர்களுக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவின் பேரையும் சேர்க்கப் போனேன். "எனக்கு நன்றி போடாத, அண்ணன் இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்று தடுத்துவிட்டார்.