முப்பத்தொன்றாம் நம்பர் கதவு

கந்தப்பளையில் அக்கா வீட்டு மரக்கறித் தோட்டத்துக்கு கேட் கிடையாது. ஒரு காரின் கதவுதான் இருக்கிறது. வெள்ளைக் கதவின் நடுவே 31 என்று ஒட்டிய ரேஸ் நம்பர். அதைத் திறந்து லீக்ஸ் பாத்திக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றுகிறது.

கார் மச்சானுடையது, அக்காவின் கணவருடையது. அதில் வாடகைக்கு ஹயர் ஓடித்தான் குடும்பம் நடந்தது. நுவரெலியா சீசனில் மலை ரோட்டை மூடி ரேஸ் வைப்பார்கள். சொந்தக் காரிலும் ஓடலாம் என்றதும் மச்சானுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அக்காதான் பயந்தாள். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும்போது என்ன பயம் என்றார். ஃபுல் என்றால் எல்லாம்தானே என்று நானும் தலையாட்டினேன். ரேஸ் அன்று காலை தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை நடந்தது. பூசாரி நம்பர் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். மச்சான் ஒரு கீறல் இல்லாமல் ஓடி முடித்தார். கடைசிக்கு முந்திய இடம். நம்பரைப் பிய்த்துவிட்டுப் புறப்படலாம் என்றேன். பொட்டு வைத்ததை நடுரோட்டில் பிய்ப்பதா, கோயிலில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் என்று மறுத்துவிட்டார். திரும்பும் வழியில், பனிமூட்டத்தில், தேயிலை ஃபெக்டரி வளைவில் கார் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கவிழ்ந்தது. நாங்கள் தப்பினோம். கார் தப்பவில்லை.

பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர் முதலில் படம் எடுத்தது அந்தக் கதவைத்தான். ரேஸ் ஓட்டம் இதில் சேராது, முன்கூட்டியே சொல்லித் தனி இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்றார். ரேஸ் நடத்தியவர்களின் இன்சூரன்ஸோ வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு மட்டும்தானாம்.

"ரேஸ் முடிஞ்சிருச்சுங்க. வீட்டுக்குத்தான் வந்துகிட்டிருந்தோம்" என்று மச்சான் கெஞ்சினார்.

கதவில் நம்பர் இருக்கிறதே என்றார் அவர். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது, அதுதான் கொடுமை. ரேஸ் எந்த இடத்தில் முடிகிறது? முடிவுக் கோட்டைத் தாண்டியதுமா, வீட்டு வாசலிலா? கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கதவை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு காரை இரும்புக்குக் கொடுத்தபோது அக்கா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. மச்சான் இப்போது நானுஓயா ஸ்டேஷனில் யாருடையதோ வேன் ஓட்டுகிறார்.

போன வாரம் என் காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனபோது ரேஸ் எங்கே முடிகிறது என்று இதையே கேட்டுப் பார்த்தேன். அங்கிருந்த பிள்ளை உள்ளே போய் மனேஜரை விசாரித்துவிட்டு வந்து, அது நிலைமையைப் பொறுத்தது என்றாள். நல்லா விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டே, இந்த நம்பரை இன்னுமா பிய்க்கவில்லை என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காருதான் கோயிலுக்குப் போய்ச் சேரவே இல்லியே மாப்ள. ரேஸ் முடியாம எப்படிப் பிய்க்கிறது?"

உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.