பாப்பாமோட்டைக் கிணற்றில் நான் பார்க்காமல் ஊற்றியது

எண்ணெய்க் கிணறுகளுக்கு அமிலம் கொடுப்பதுதான் வளைகுடாவில் என் வேலையாக இருந்தது. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் அடைபட்டு எண்ணெய் குறைந்தால், குழாய் வழியே அமிலத்தை இறக்குவோம். அமிலம் ஏற்கெனவே திறந்திருக்கும் வழியில்தான் ஓடும். அடைபட்ட இடம் அப்படியே கிடக்கும். அதனால் ஒரு கேபிளையும் கூடவே இறக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று அந்தக் கணமே திரையில் பார்த்து வேலையைத் திருத்துவோம். மேலே இருக்கும் அழுத்தமானியை மட்டும் நம்பியவர்களை நான் கடுமையாகத் திட்டியிருக்கிறேன்.

ஓய்வுபெற்று மன்னாருக்கு வந்தபின் அதையே நானும் செய்தேன். பாப்பாமோட்டையில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண், தன் குழாய்க்கிணற்றை நம்பி மிளகாய் போட்டிருந்தார். தண்ணீர் குறைகிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். இந்தச் சின்னக் கிணற்றுக்குக் கேபிள் எதற்கு என்று நினைத்து அமிலத்தைச் செலுத்தினேன். மானியின் முள் இறங்கியது. கல் திறந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். எந்த ஆழத்தில் திறந்தது என்று யோசிக்கவில்லை.

அமிலத்தைக் கழுவி வெளியேற்றியதும் தண்ணீர் பீறிட்டது. சில நாட்களில் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தண்ணி நல்லாத்தான் வருதுங்க ஐயா. ஆனா கரிக்குது. மாடுகூட மூஞ்சியத் திருப்பிக்கிது.”

எங்கள் கரையில் ஆழத்தில் இருப்பது கடல். என் அமிலம் அதற்குத்தான் வழி திறந்துவிட்டிருந்தது. எண்ணெயோடு உப்புநீர் வந்தால் தொட்டியில் பிரித்துவிடலாம். மிளகாய்ச் செடிக்கு அப்படித் தொட்டி கிடையாது.

சூட்டையும் உப்பையும் அளக்கும் உணரிகளை ஒரு கேபிளில் வரிசையாகக் கட்டி, முசலியிலிருந்து ஒரு பம்ப் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனேன்.

“பிழை என்னிலதான். உள்ளுக்குப் பாக்காமல் ஊத்திப்போட்டன்” என்றேன்.

“ஸ்கேன் எடுக்காம வயித்தக் கிழிச்ச மாதிரியா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“ஓம்.”

மெக்கானிக் சிரிப்பை அடக்க முடியாமல் பம்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேபிளைக் கிணற்றுக்குள் இறக்கி, என் போனோடு இணைத்து, பம்பை ஓடவிட்டுத் திரையைப் பார்த்தோம். அடியிலிருந்து உப்பு ஏறியது. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று குறைந்தது. அங்கே நல்ல தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அடைபட்டிருந்த வழி அதுதான். என் அமிலம் அதைத் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறது. குற்ற உணர்வையும் மீறி எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது.

நீரில் ஊறிப் பருக்கும் களிமண்ணால் உப்புநீர் வரும் அடியை அடைத்தோம். பிறகு கொஞ்சம் அமிலம் வேண்டும் என்றேன்.

“மறுபடியுமா? செடி வாடிக் கெடக்கு ஐயா. இதுவும் போச்சுன்னா கூலி வேலைக்குத்தான் போவணும்.”

“இந்த முறை பாத்துப் பாத்துத்தான் விடுவன். நீங்களும் பாருங்கோ.”

அவர் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். மெல்லிய குழாயை நடு உணரி வரை இறக்கி அமிலத்தை விட்டோம். கல்லை அமிலம் தின்னும்போது சூடு பிறக்கும். நடு உணரியில் சூடு ஏறியது. திடீரென்று அவர், “ஐயா, கீழ உள்ளதும் ஏறுது!” என்றார்.

“நிப்பாட்டும்!” என்று மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினேன். கனமான அமிலம் களிமண்ணை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. குழாயைச் சற்று மேலே இழுத்து, வேகத்தைக் குறைத்து மீண்டும் விட்டோம். கீழ்ச் சூடு அடங்கியது. நடுவில் மட்டும் கல் கரைந்தது.

கழுவி முடித்து நெடுநேரம் இறைத்தோம். திரையில் உப்பு இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் பீறிட்ட அளவுக்குத் தண்ணீர் இல்லை, ஆனால் தோட்டத்துக்குப் போதும். அவர் ஒரு வாளியை மாட்டின் முன் வைத்தார். அது முகர்ந்து, யோசித்து, பிறகு குடித்தது.

“கேபிளை இழுக்கட்டோ சேர்?” என்று மெக்கானிக் கேட்டார்.

“அது உள்ளயே கெடக்கட்டும்” என்றார் அந்தப் பெண். “ஐயா அடுத்தவாட்டி எதையாச்சும் ஊத்த வந்தா, நான் மொதல்ல பாக்கணும்.”

கேபிளின் மேல்நுனியைக் கிணற்று வாயோடு சேர்த்து நானே கட்டிவிட்டு வந்தேன்.