ரோஸ்லின் செய்த அடுப்படி அலமாரி

மாமியாரை அம்போவென்று விட்டுவிட்டு இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாளாம் ரோஸ்லின். குழாயடியில் அம்சவள்ளி என் காதுபடவே சொன்னாள்.

“ரோசம்மாக்கா, அலமாரி காலக்கூட ரம்பத்தால அறுத்துட்டில்ல போனா உன் மருமவ! இந்த வூட்டு ஒறவ அறுக்கறேன்னு காட்டத்தானே?”

“அடியே, அவ அறுத்தது எனக்காவ. தெரியலன்னா வாய மூடிக்கினு கொடத்த ரொப்பு.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். போகட்டும். நடந்ததை நான் சொல்கிறேன்.

ரோஸ்லின் என் மகன் சார்லஸின் மனைவி. மஞ்சள் காமாலையில் அவன் போனபோது அவளுக்குச் சின்ன வயது. பிள்ளையும் இல்லை. பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் போகவில்லை. அரியூர் பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தாள். தேய்க்கப் போனவள் அறுக்கவும் இழைக்கவும் கற்றுக்கொண்டாள். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பிறகு ஒரு மழைநாளில் நான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். நடை வந்துவிட்டது, குனிய மட்டும் வரவில்லை. தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். எங்கள் அடுப்படியிலோ அடுப்பு ஒன்றுதான் மேடைமேல் இருக்கும். அரிசி, பருப்பு, சட்டி எல்லாம் மேடைக்கு அடியில், மிச்சம் பரணில். ஆக, சமையலும் அவள் தலையில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து கடலோரப் பனித்திட்டிலிருந்து டேனியல் என்பவனுக்கு ரோஸ்லினைப் பெண் கேட்டு வந்தார்கள். கடலுக்குப் போகிறவன், மனைவியை இழந்தவன், தன்மையான பிள்ளை. ரோஸ்லினுக்கும் பிடித்திருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மாட்டேன் என்றாள்.

“நீ யாரு கையால சாப்புடுவ அத்தே?”

“ஏன், எனக்குக் கையில்லியா?”

“கை கீது. குனியறதுக்கு இடுப்பு?”

அவங்களும் எங்களோடவே இருக்கட்டும் என்று டேனியல் சொல்லியனுப்பினான். பெரிய மனசு. ஆனால் என் மகனைப் புதைத்த ஊரை விட்டுவிட்டு வேறொரு வீட்டில் போய்க் குந்திச் சாப்பிட எனக்கு மனமில்லை. வரமாட்டேன் என்றால் வரமாட்டேன்தான்.

“அப்ப நீயே தனியா ஆக்கிக் காட்டு. காட்டினாத்தான் போவேன்,” என்றாள்.

எங்கள் கொல்லையில் பூவரசு ஒன்று புயலில் சாய்ந்திருந்தது. அதைப் பலகையாக அறுத்து மாட்டுக் கொட்டகையில் காயப்போட்டிருந்தோம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அந்தப் பலகைகளை வெளியே இழுத்தாள். என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, தொங்கவிட்ட கை எட்டுமிடத்தில் ஒரு கோடு, உயர்த்திய கை நோகாமல் எட்டுமிடத்தில் ஒரு கோடு என்று கரியால் இழுத்தாள்.

“இதுக்குக் கீழயும் ஒரு சாமான் இருக்காது, மேலயும் இருக்காது.”

பட்டறை வேலையில்லாத நாளெல்லாம் அலமாரி வேலைதான். அடியில் வெறும் கால்கள். அதற்கு மேல் அரிசி பருப்புக்கு ஒரு தட்டு, நடுவில் சட்டி பாத்திரம், மேல்தட்டில் உப்பு, புளி, மிளகாய்த்தூள். பூனை வாய் வைக்காமலிருக்கக் கம்பிவலைக் கதவு. கதவுக்குக் குமிழ் வைத்தால் என் விரலுக்குப் பிடிபடாது என்று துணிக்கயிற்றில் வளையம் கட்டிவிட்டாள்.

இவ்வளவும் பார்த்தவள் எறும்பை மறந்துவிட்டாள். நானும்தான் மறந்தேன். சாமான் அலமாரி என்றால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டாமா? எங்கள் வீட்டுக் கிண்ணங்கள் கருங்கல், அடி நல்ல தடிமன். அவற்றில் கால்களைத் தூக்கி வைத்ததும் அலமாரி வளர்ந்துவிட்டது. மேல்தட்டுப் புளி ஜாடியில் என் விரல் நுனிதான் பட்டது.

“ஒரு ஸ்டூலு போட்டு ஏறிக்கறேன் வுடு,” என்றேன்.

“இன்னாத்துக்கு? இன்னோரு பக்கத்து இடுப்பையும் ஒடச்சிக்கவா?”

அலமாரியைத் தெருவுக்கு இழுத்துப் படுக்கவைத்து, கிண்ணத்து அடியின் தடிமன் அளவுக்கு நான்கு கால்களையும் அறுத்தாள். குடத்தோடு அந்தப் பக்கம் போன அம்சவள்ளி பார்த்தது இதைத்தான்.

மறுவாரம் எனக்குப் பரீட்சை. ரோஸ்லின் அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தாள். நான் குனியாமல், எக்காமல் சோறாக்கி மீன்குழம்பு வைத்து இறக்கினேன். ஒரு வாய் வைத்தாள்.

“உப்பு தூக்கல்.”

“உனக்கு வாய் தூக்கல். தின்னுடி.”

தட்டை வழித்துத் தின்று முடித்தாள். “அப்ப கல்யாணத்துக்குச் சம்மதம்னு கோயில் சாமியாரு கிட்ட சொல்லிடவா அத்தே?” என்றாள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தது அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கு என் சோற்றை நானே ஆக்கிச் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு வேளையும் ஆண்டவருக்குச் சொல்கிற நன்றியில் அவள் பெயரும் சேர்ந்தே வருகிறது. என்னை விட்டுவிட்டுப் போனவளா அவள்?

கல்யாணம் முடிந்த சாயந்திரம் பனித்திட்டுக்குப் போக வண்டி வந்து நின்றது. ரோஸ்லின் பட்டுப்புடவையோடு அடுப்படிக்கு வந்து என் முன்னால் முட்டி போட்டாள். ஈரக் கையாலேயே அவள் நெற்றியில் சிலுவை வரைந்தேன். எழுந்தவள் நகரவில்லை.

“வாசலுக்கு வரலியா அத்தே?”

“அடுப்புல எண்ண காயுது. நீ கெளம்பு.”

நான் வாசலில் போய் நின்றால் அவள் கால் நகராது. அதனால் அடுப்பு முன்னாலேயே நின்று கடுகை அள்ளி எண்ணெயில் போட்டேன். அது படபடவென்று வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில், “வரேன் அத்தே,” என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

“வா,” என்றேன்.