பதினோரு பக்க மனு

நிறைய எழுதுகிறவன் முன்னுக்கு வந்துவிடுவான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பரீட்சை ஹாலில் அடிஷனல் பேப்பர் வாங்கி வாங்கி நூல் கட்டிக் கொடுத்தவன் நான். எத்தனை பேப்பர் வாங்கினாய் என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. என்ன எழுதினாய் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. மார்க்கும் விழுந்து தொலைத்தது. ராஜபாளையத்தில் மில் டைம் ஆபீஸ் வேலைக்கு வந்த பிறகும் அந்தத் திமிர் அடங்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட நாலு பக்கம் எழுதிப் போடுவேன்.

அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டினார். ஒருநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், போய்விட்டார். கருணை அடிப்படையில் மதினிக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். பத்தாவது வரை படித்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். அந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் மட்டும் அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் ஒரு ஃபாரத்தை நீட்டினார்.

“இத நிரப்பி, வாரிசு சர்டிபிகேட்டோட குடுங்க சார். மூணு வருசத்துக்குள்ள வந்துரணும். அம்புட்டுதான்.”

எனக்குச் சப்பென்று போய்விட்டது. அண்ணனுடைய இருபது வருஷ உழைப்புக்கு இத்துனூண்டு கட்டமா? பதினோரு பக்கம் மனு எழுதினேன். மடவார் வளாகம் தெருவில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து மதினிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அழுதார். நன்றாக எழுதியிருக்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கம்கெட்ட சந்தோஷம்.

சென்னைக்கு அனுப்பினேன், மதுரைக்கு அனுப்பினேன், பெரிய பதவியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பினேன். மேலே அசைந்துவிட்டால் ஃபாரம் வெறும் சடங்குதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ‘உரிய படிவத்தில் விண்ணப்பிக்கவும்’ என்று பதில் வரும். பதில் வந்ததே பெரிது என்று அதற்கும் ஆறு பக்கம் எழுதுவேன். மதினி கேட்கும்போதெல்லாம், “நடக்குது மதினி” என்பேன்.

ஒருவழியாக ஃபாரத்தைக் கொண்டுபோனபோது மூன்று வருஷம் தாண்டி பத்து நாள் ஆகியிருந்தது. கிளார்க் அண்ணனுடைய ஃபைலை எடுத்துக் காட்டினார். மேலேயிருந்து திரும்பி வந்த என் மனுக்களால் செங்கல் கனத்துக்கு உப்பிப் போயிருந்தது.

“எல்லாம் இருக்கு சார். விண்ணப்பம் மட்டும் இல்லையே. இனி ஒண்ணும் செய்ய முடியாது.”

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் நாளே சொன்ன மனுஷன். மண்டைக்கனம் பிடித்து நான்தான் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டேன். சாகும்வரை இது என்னை விடாது.

மதினியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. ஏதாவது செய்ய வேண்டுமே என்ற தவிப்பில், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்டு எழுதிப் பார்க்கிறேன் என்றேன்.

“வேண்டாம் தம்பி,” என்றார். “பிள்ளைகளுக்கு எதும் எழுதணும்னா நானே எழுதிக்கிடுறேன். நீங்க எழுதாதீங்க.”