காற்றாடி நிற்கும்வரை

ராயபுரம் லூர்து துறைமுகத்து மோட்டார் படகில் பல ஆண்டு என்ஜினுக்கு எண்ணெய் விட்டவன். படகில் தீப்பிடித்தால் முதலில் ஆட்களை இறக்க வேண்டும், என்ஜினைப் பிறகு பார்க்கலாம். அதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

1933இல் எண்ணூர் மணலில் ஒரு சிறு விமானம் வந்து இறங்கியது. ஊர்க்காரர்களை ஏற்றி ஒரு சுற்று பறந்து காட்டும். அதில் கதவு திறந்து மூடும் வேலை லூர்துவுக்குக் கிடைத்தது. விமானி டிகோஸ்தா, ராயபுரத்துச் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். என்ஜினை அடுத்த சின்ன அறைக்குள் பயணிகள் உட்காருவார்கள். விமானிக்கு இடம் அவர்களுக்குப் பின்னால், உயரத்தில். விமானத்தின் மூக்குக்கு அடியில் நடப்பது அவர் கண்ணுக்குப் படாது. கதவின் தாழ்ப்பாள் வெளியில் மட்டும்தான் இருந்தது.

"தீப்புடிச்சா இன்னா பண்றது, தொரே?" என்று முதல் நாளே கேட்டான்.

டிகோஸ்தா விளக்கினார். கிளப்பும்போது பெட்ரோல் வழிந்து, என்ஜின் காற்றை இழுக்கும் குழாய் வாயில் தீ எழுவது உண்டு. என்ஜினை ஓடவிட்டால் அதுவே தீயை உள்ளே இழுத்துக்கொள்ளும். யாரையும் இறக்க வேண்டாம். இறக்கையும் உடம்பும் துணி போர்த்தியவை. தீ அந்தத் துணியைப் பிடித்தால்தான் ஆபத்து. அது தரையில் நிற்கும் லூர்துவுக்குத்தான் தெரியும். அவன் கைகளைக் குறுக்காகக் காட்டினால் அவர் என்ஜினை நிறுத்துவார். மூக்கில் சுற்றும் காற்றாடி நின்ற பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

ஏன் முன்னாலேயே திறக்கக்கூடாது என்று லூர்து விடாமல் கேட்டான். பயந்தவன் ஜனம் நிற்கிற பக்கம்தான் ஓடுவான், ஜனமோ முன்னால் நிற்கிறது, சுற்றுகிற காற்றாடி கண்ணுக்குத் தெரியாது என்றார் அவர்.

லூர்து வீட்டிலும் இதையே பேசிக்கொண்டிருந்தான். மீன் விற்கும் அவன் மனைவி செவுரியம்மா கேட்டுக் கேட்டு அலுத்து, பேச்சை நிறுத்திவிட்டுத் தன்னை ஒரு தபா ஏற்றிவிடச் சொன்னாள்.

ஒருநாள் இடம் காலியாக இருந்தது. ஏற்றினான். பக்கத்தில் வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி உசேன்.

என்ஜின் இருமிற்று. மூக்குக்கு அடியில் தீ நாக்கு நீட்டியது. ஜனம் கூச்சலிட்டது. லூர்துவின் கை படகுப் பழக்கத்தில் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டது. உசேன் உள்ளிருந்து தள்ள, அவர் கால் வெளியே வந்தது. காற்றாடி சுற்றுவது அப்போதுதான் நினைவுக்கு வந்து, லூர்து அதை உள்ளே திணித்து, தோள் கொடுத்துக் கதவைச் சாத்தினான்.

"நெருப்பு கீதுயா. தொற" என்று செவுரியம்மா கதவுக் கண்ணாடியை அறைந்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். என்ஜின் தீயை விழுங்குவதும் துப்புவதுமாக இருந்தது. அது எப்படி உள்ளே போகிறது என்று அந்த நேரத்திலும் பார்க்கத் தோன்றியது. தீ சிறுத்தது. பிறகு அடித்துணியில் ஒரு பழுப்பு வட்டம் விரிந்து, ஓரம் சுருண்டது.

கைகளைக் குறுக்காகத் தூக்கினான்.

சத்தம் அடங்கியது. காற்றாடி அடங்கவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் அதையே பார்த்து நின்றான். வெறும் மங்கலாக இருந்த இடத்தில் மரக்கட்டை தெரிந்தது, தள்ளாடியது, நின்றது. திறந்தான்.

செவுரியம்மா குதித்து நேராக ஜனத்தை நோக்கி ஓடினாள். நின்றுபோன காற்றாடியில் தோள் மோதி மணலில் விழுந்தாள். உசேன் திட்டிக்கொண்டே நொண்டி வந்தார். ஜனம் மணலை வாரிக் கொட்டித் தீயை அணைத்தது.

வீட்டில், கன்றிப்போன தோளுக்கு அவன் எண்ணெய் தடவினான். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"கண்ணாடில என் மூஞ்ச பாத்தியா?"

"பாக்கல. பாத்திருந்தா தொறந்திருப்பேன்."

அவள் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் மேல தடவு" என்றாள். "அங்கதான் வலிக்குது."